அமைதி நதியும் அறியப்படாத கரங்களும்



ஓர் ஊரின் அழகைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் பலர். அந்த அழகுக்கு விலை கொடுத்தவர் யார் எனக் கேட்போர் மிகச் சிலரே. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், ரிடோ ஆற்றங்கரையில், மெரிக்வில் என்றொரு சிற்றூர் உண்டு. தலைநகர் ஒட்டாவாவுக்குத் தெற்கே, காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அவ்வூரைப் பற்றியும், அது என் உள்ளத்தில் எழுப்பிய கேள்வியைப் பற்றியும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

1790களில் வில்லியம் மெரிக் என்பவர் இங்குள்ள நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு ஆலைகள் நிறுவினார். அவர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. இன்று அந்த ஆலைகளின் இடிந்த கற்சுவர்கள்தாம் எஞ்சியுள்ளன. எனினும் ஊர் பொலிவிழந்துவிடவில்லை. பழைய கற்கட்டடங்கள், அளவான கடைத்தெரு, வாசல்தோறும் பூச்செடிகள்! 1998-ஆம் ஆண்டு கனடாவின் மிக அழகிய கிராமமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது. கோடை வந்துவிட்டால் ஆற்றில் படகுகள் அணிவகுக்கும். கரையோரத்தில் தூண்டிலுடன் அமர்ந்திருப்போரைக் காணலாம். பாஸ், பைக் முதலிய நன்னீர் மீன்கள் இங்கு கிடைக்கின்றன. மீன்பிடிப்பதற்கு அங்கே விதிகள் உண்டு. பருவம் பார்க்க வேண்டும். எண்ணிக்கை மீறக் கூடாது. பெரியவர்கள் உரிமமும் பெற்றிருக்க வேண்டும்.

ஒட்டாவாவில் வாழும் என் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது மருமகனும் பேரனும் என்னை அங்கு அழைத்துச் சென்றார்கள். ஆற்றின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடையே சுமார் 25 அடி வேறுபாடு. படகு எவ்வாறு மேலே ஏறும்? அதற்காகவே கல்லால் கட்டிய மூன்று தொட்டிகள் படிபோல அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் 'லாக்' என்பர். நாம் நீர்ப்படி எனலாம்.

கீழிருந்து வந்த ஒரு சிறு படகு முதல் தொட்டிக்குள் நுழைந்தது. பின்புறத்து மரக்கதவுகள் மூடப்பட்டன. ஊழியர்கள் இருவர் கைப்பிடியைச் சுற்றி மதகைத் திறக்க, மேலிருந்து தண்ணீர் பாய்ந்து தொட்டி மெல்ல நிரம்பிற்று. படகும் உயர்ந்தது. பேரன் பொறுமையிழந்து, "நன்னா, முன்கதவைத் திறந்துவிட்டால் படகு போய்விடுமே! ஏன் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

"இரு பக்கமும் நீர் சமமாகும் வரை அந்தக் கதவு திறவாது, தம்பி. அப்பால் நிற்கும் தண்ணீரே அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. மட்டம் சமமானால் மனிதக் கையின் பலமே போதும்" என்றேன். சொன்னபடியே சற்று நேரத்தில் கதவுகள் ஓசையின்றி விலகின. இயந்திரமும் இல்லை, இரைச்சலும் இல்லை.

வாசகர்களே, இந்த அமைதி எப்படி வந்தது தெரியுமா? அச்சத்திலிருந்து பிறந்தது இது! 1812-இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. எல்லையோரமாக ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை எதிரி மறித்துவிட்டால் படைக்கலங்களை எவ்வழியே கொண்டு செல்வது என்ற கவலை பிரிட்டிஷாரைப் பற்றிக்கொண்டது. ஆகவே ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்நாட்டு நீர்வழி ஒன்றை அமைத்தனர். கர்னல் ஜான் பை என்ற பொறியாளரின் தலைமையில் 1826-இல் தொடங்கிய பணி 1832-இல் முடிந்தது. ஆறுகளுக்கு அணைகட்டி நீரைத் தேக்கியதால், புதிதாக வெட்டிய தொலைவு ஏறத்தாழ 19 கிலோமீட்டர்தான்.

அணைக்கல்லைச் சுமந்தவர்கள் யார்? பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஐரிஷ் ஏழைகளும், பிரெஞ்சுக் கனடியரும், ஸ்காட்லாந்துக் கல்தச்சர்களும். அவர்களும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் சுமார் பாதிப்பேரைக் கொண்டுசென்றது மலேரியாக் காய்ச்சல்! பனி கொட்டும் கனடாவில் மலேரியாவா என வியக்கிறீர்களா? கோடையில் சதுப்பு நிலத்துக் கொசுக்கள் அதைப் பரப்பின. ஆனால் அன்றைய மருத்துவர்கள் கெட்ட காற்றையே பழித்தனர். கொசுவே குற்றவாளி என்பதற்கான சான்றை 1897-இல் நம் நாட்டின் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தபோது, அந்தத் தொழிலாளர்கள் மண்ணுக்குள் சென்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டிருந்தன.

இத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கட்டிய அந்த வழியில் போர்ப்படை மோதவே இல்லை. மெரிக்வில் நீர்ப்படிகளின் அருகே கனத்த கற்சுவர்களுடன் ஒரு காவற்கோட்டம் நிற்கிறது. எதிரிக்காகக் காத்திருந்த அந்தக் கட்டடம் பின்னாளில் அருங்காட்சியகம் ஆயிற்று. செலவு மிகுந்துவிட்டது என்று விளக்கம் கேட்கப்பட்டு இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்ட ஜான் பை, உரிய பாராட்டின்றி 1836-இல் மறைந்தார். 2007-இல் யுனெஸ்கோ இந்நீர்வழியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தலைவரின் பெயராவது வரலாற்றில் நிலைத்தது. கல் சுமந்தவர்களுள் எத்தனை பேரின் பெயர் நிலைத்தது?

அச்சத்தால் கட்டியது ஆனந்தத்துக்குப் பயன்படுவது நல்ல மாற்றமே. படகோட்டியின் களிப்பையும், தூண்டிற்காரரின் பொறுமையையும் நான் குறைகூற மாட்டேன். ஆனால் அனுபவிப்பவனுக்கு ஒரு கடன் உண்டு. நாம் நடக்கும் பாலம், குடிக்கும் தண்ணீர், தங்கும் வீடு, எல்லாவற்றின் பின்னும் முகமறியாத கரங்கள் இருக்கின்றன. அவர்களின் பெயர்களை நாம் அறிய இயலாமல் போகலாம். அவர்கள் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மால் இயலும். அடுத்த முறை ஓர் அழகிய இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லும்போது, "இதைக் கட்டியவர் யார்?" என்ற கேள்வியையும் உடன் கொண்டு செல்லுங்கள்.