சீர்காழி கள்ளுக்கடை எங்கே இருந்தது?

சீர்காழின்னா உங்களுக்கு ஞானசம்பந்தர் ஞாபகம் வரும். சட்டநாதர் கோயில், கோவிந்தராஜன் குரல்னு வரிசையா வரும். இந்த த்ரெட் அதைப் பத்தி இல்ல. ஊர்ல இருந்து காணாமப் போன ஒரு கள்ளுக்கடையைப் பத்தி 👇

முதல்லயே சொல்லிடறேன். நான் அரசு மருத்துவமனை டாக்டர். ஈரல் சுருங்கி, வயித்துல நீர் கோத்து வர்றவங்களை வாரம் தவறாம பார்க்கிறவன். கள்ளுக்கு வக்காலத்து வாங்க வரல.

ஓபியில வயசானவங்க கிட்ட "எப்போதிருந்து குடிக்கிறீங்க?"ன்னு கேட்டா வருஷம் சொல்ல மாட்டாங்க. "கள்ளுக்கடை இருந்தப்ப ஆரம்பிச்சது டாக்டரய்யா"ம்பாங்க. எந்தக் கடை, எங்கேன்னு கேட்டேன். ஒருத்தர் கழுமலையாத்துக் கரைன்னார். இன்னொருத்தர், "அங்க ஏது கடை? தென்பாதி போற வழியில தென்னந்தோப்புக்குள்ள"ன்னார். ரெண்டு பேருமே சத்தியம் பண்ணாத குறை.

சரி, வருஷத்தைப் பிடிச்சா இடம் கிடைக்கும்னு கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

ராஜாஜி 1937ல சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு கொண்டு வந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல விற்பனை வரி வந்தது. (இன்னைக்கு நீங்க கட்டுற ஜிஎஸ்டிக்குத் தாத்தா அது!) 1948 அக்டோபர் 2ல இருந்து சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. நம்ம தஞ்சாவூர் ஜில்லாவும் அதுல அடக்கம்.

1971ல கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார். 1973ல கள்ளுக்கடையையும் 1974ல சாராயக்கடையையும் அவரே மூடினார். 1981ல எம்ஜிஆர் ரெண்டையும் திரும்பத் திறந்தார். 1987 ஜனவரி 1ல அவரே மூடினார். அதோட கள்ளு முடிஞ்சது. டாஸ்மாக் 1983லயே ஆரம்பிச்சாலும், சில்லறைக் கடை நடத்த வந்தது 2003ல.

இப்ப கூட்டிப் பாருங்க. சுதந்திரத்துக்கு அப்புறம், 1948ல இருந்து இன்னைக்கு வரைக்கும், சட்டப்படி கள்ளுக்கடை இருந்தது மொத்தமே எட்டு வருஷம் தேறாது. ஆனா என் நோயாளிங்க பேசறதைக் கேட்டா ஏதோ ஐம்பது வருஷம் ஓடின கடை மாதிரி இருக்கும்.

ஆத்தங்கரைக்காரர் கிட்ட திரும்பக் கேட்டேன். "77 புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" டெல்டாவுல வருஷம் கேக்கக் கூடாது, புயல் கேக்கணும். "முன்னாடிதான். புயல் வந்தப்ப கடை மூடி நாலஞ்சு வருஷம் ஆயிருக்கும்"னார். அப்போ அது கலைஞர் காலத்துக் கடை. தோப்புக்காரர் சொன்னது எம்ஜிஆர் காலத்துக் கடை. கடை ஏலத்துல போகும். ஏலம் எடுக்கிறவர் மாறினா கீத்துக்கொட்டாயும் இடம் மாறும். ரெண்டு பேர் சொன்னதும் சரி.

இதை உறுதிப்படுத்தினது ஒரு நெஞ்சு. மூச்சிரைப்புன்னு வந்த பெரியவருக்கு ஸ்டெத் வைக்கப் போனா, நெஞ்சுல தோல் காய்ச்சுப் போய் கிடக்கு. உள்ளங்காலும் அப்படியே. "மரம் ஏறுனீங்களா ஐயா?" "ஆமா தம்பி, அந்தத் தோப்புக் கடைக்கு நான்தான் கள்ளு இறக்குனேன்." காலையிலயும் சாயங்காலமும் பாளையைச் சீவணும், கலயம் மாத்தணும். கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலேன்னா கள்ளு. 87ல கடை மூடினதும் தேங்காய் பறிக்கப் போயிட்டாராம். கூலி பாதி கூட இல்ல.

"கள்ளு இயற்கை உணவு, உடம்புக்கு நல்லது"ன்னு கமெண்ட் வரும், தெரியும். கணக்கு இதுதான். கள்ளுல ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். ஒரு குவாட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம், அதாவது 60 கிராம் ஆல்கஹால். ஒன்றரை லிட்டர் கள்ளுலயும் கிட்டத்தட்ட அதே 60 கிராம். ஈரலுக்குத் தென்னை மரம் தெரியாது, கிராம்தான் தெரியும். கள்ளச்சாராயத்துல கலக்கிற மெத்தனால் தனி விஷம். உடம்புக்குள்ள ஃபார்மிக் அமிலமா மாறிக் கண் நரம்பையே சாகடிக்கும். 2024 கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல போனாங்க.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வர்ற ஒரு அம்மா கிட்டயும் கடையைப் பத்திக் கேட்டேன். உள்ளே எப்படி இருந்ததுன்னு அவங்களுக்குத் தெரியாது. வாசல் மட்டும் நல்லாத் தெரியும். அறுப்புக் கூலி போடுற அன்னிக்கு இடுப்புல பிள்ளையோட அந்த வாசல்ல போய் நிப்பாங்களாம். "அவரு உள்ள போறதுக்குள்ள கையில இருக்கிறதைப் புடுங்கணும் தம்பி. ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் அடி கிடைக்கும்." கடை எந்தத் திசையைப் பார்த்து இருந்தது, வாசல்ல என்ன மரம், எந்தப் பக்கம் நிழல் விழும், எல்லாம் சொன்னாங்க. ஆம்பளைங்க யாரும் இவ்வளவு துல்லியமாச் சொல்லல.

"மூடினப்புறம் நிம்மதியா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். "எங்க? பஸ் ஏறி காரைக்கால் போக ஆரம்பிச்சாரு. அது பாண்டிச்சேரி சட்டமாச்சே. பஸ் காசும் சேர்ந்து போச்சு"ன்னு சொல்லி, மாத்திரைச் சீட்டை வாங்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை அவங்க சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தோப்பு இல்ல, மனை போட்டு வித்திருக்காங்க. ஓரத்துல ரெண்டு தென்னை மட்டும் நிக்குது.

சீர்காழி, கொள்ளிடம் பக்கத்து ஆளுங்க யார் வீட்லயாவது அந்தக் காலத்துக் கடை ஏல நோட்டீஸோ போட்டோவோ இருந்தா டிஎம்ல அனுப்புங்க. ஆத்தங்கரைக் கடையோட சரியான இடம் இன்னும் பாக்கி இருக்கு.