தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச்

உங்கள் வீட்டு டார்ச் லைட் இப்போது எங்கே இருக்கிறது? எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள். ‘ஃப்ரிட்ஜ் மேலே... இல்லியே, ஷோகேஸ்லதானே...’ என்று இழுத்தால், மேலே படியுங்கள்.

2012 ஞாபகம் இருக்கிறதா? மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். சென்னையில் 2 மணி நேரம். வெளி மாவட்டங்களில் 14 மணி நேரம்வரைகூடப் போனது. அப்போது அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்தில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் லாரிகளுமான ஊர். ராத்திரி கரண்ட் போனதும், தூரத்தில் ஆலைப் பக்கம் மட்டும் வானம் வெளுத்துக் கிடந்தது. இங்கே மை இருட்டு.

எழுபது தாண்டிய பெரியம்மா தலையணைக்குப் பக்கத்தில் கையை நீட்டி, விரல் நீள டார்ச்சை எடுத்தார். முதலில் தரையில் அடித்தார். அப்புறம் செருப்புக்குள். அதன் பிறகுதான் காலை ஊன்றினார்.

‘‘என்ன பெரியம்மா தேடறீங்க?’’

‘‘ஒண்ணும் தேடலப்பா. ஒண்ணும் இல்லைன்னு பாக்கறேன்.’’

அந்தப் பதிலில் ஒரு மருத்துவப் பாடமே இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, சிலருக்குக் கடிபட்டதே தெரியாது. மெள்ள மூச்சுத் தசைகள் செயலிழக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு சின்ன வெளிச்சம் இதில் சிலரையாவது காப்பாற்றியிருக்கும்.

முன்பு சிம்னி விளக்கு இருந்தது. தட்டிவிட்டால் மண்ணெண்ணெய் கொட்டும், பாய் பற்றும். மெழுகுவர்த்தியிலும் அதே கதைதான். பல்பு போட்ட பழைய டார்ச்சோ பேட்டரியின் சக்தியில் பெரும்பகுதியை வெளிச்சமாக்காமல் சூடாக்கியே வீணடித்தது. 1993-ல் ஜப்பானின் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசினால் வெள்ளை வெளிச்சம்! இதே நீல ஒளிக்காக இன்னும் இருவரோடு சேர்த்து அவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெரியம்மா கையில் இருந்தது அந்த நோபல்தான்.

‘அதான் செல்போன்ல இருக்கே’ என்பீர்கள். 2003-ல் வந்த நோக்கியா 1100-ல் டார்ச் வைத்தபோதே நாம் அதற்கு மயங்கியவர்கள்தான். ஆனால், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நேரத்தில் போன் சார்ஜை வெளிச்சத்துக்குச் செலவழித்துவிட்டால், ஆம்புலன்ஸை எதில் கூப்பிடுவது?

எமர்ஜென்சி லைட்டை மாசம் ஒருமுறையாவது சார்ஜ் போடுங்கள். மாசக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி செத்துவிடும். டார்ச்சில் பழைய செல்லை அப்படியே விட்டால் கசிந்து, கம்பியை அரித்துவிடும்.

இப்போது மின்வெட்டு அந்த அளவுக்கு இல்லை. நல்ல விஷயம்தான். டார்ச் வைத்த இடம் மறந்துபோனதும் அதனால்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு ஒரு டார்ச்சும் வாங்கிப் போங்கள். கையில் கொடுத்தால் பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிவிடுவார்கள். நீங்களே தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.