குருவை எழுதிய சிஷ்யை

படத்துக்குள் ஓர் ஓவியர் படம் எழுதிக்கொண்டிருக்கிறார். கறுப்பு உடை, கையில் தூரிகை. கை ஆடாமலிருக்க அதை ஒரு கோலின்மேல் தாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். பக்கத்தில் அவர் எழுதும் பெண்ணின் உருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

'யாரோ ஓர் ஓவியர் தம் சிஷ்யையை எழுதுகிறார்' என்று நினைத்து நகர்ந்துவிடலாம். முழுப் படத்தையும் எழுதியவளே அந்தச் சிஷ்யைதான் என்று தெரிந்த பிறகு நகர முடிவதில்லை.

அவள் பெயர் ஸோபோனிஸ்பா அங்குயிஸோலா. இத்தாலியில் கிரெமோனா நகரத்துப் பிரபு வீட்டுப் பெண். 1546-ல் தகப்பனார் அவளையும் தங்கை எலெனாவையும் பெர்னார்தினோ காம்பியிடம் ஓவியம் கற்க அனுப்பினார். மூன்று வருஷத்தில் குரு மிலானுக்குப் போய்விட்டார். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1559-ஐ ஒட்டி அவள் எழுதியது இந்தப் படம். இப்போது ஸியெனா நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

பார்த்தவுடன் தெரிவது குருபக்திதான். 'என்னை உருவாக்கியவர் இவர்' என்கிறாள். ஆனால் அவள் உருவம் அவரைவிடப் பெரிது. அவரைவிட உயரத்தில் இருக்கிறது. அவருடைய தூரிகையோ அவள் முகத்தில் இல்லை, சட்டையின் பூவேலையில் இருக்கிறது! 'இது பக்தியல்ல, பரிகாசம்' என்று சொல்பவர்களும் உண்டு.

கதை எழுதுகிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிகாசம் செய்ய நினைத்தவள் அவர் முகத்துக்கு அத்தனை உயிர் கொடுத்திருப்பாளா? உறைந்தாற்போல் இருப்பது அவள் முகம்தான். குரு எழுதினால் தன் முகம் எப்படி வரும் என்பதை அவள் அறிவாள், அப்படியே எழுதிவிட்டாள். குருவை மட்டும் தான் எழுதும் முறையில் எழுதினாள். கற்றது எவ்வளவு, அதற்குமேல் கண்டது எவ்வளவு என்ற கணக்கு ஒரே துணியில் இருக்கிறது.

இன்னொன்று. அவர் திரும்பிப் பார்ப்பது யாரை? தமக்கு எதிரே நிற்கும் சிஷ்யையை. அந்த இடத்தில்தான் நாம் நிற்கிறோம். தூரிகையோடு அவளும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அவர் எழுதி முடித்த பெண் உள்ளே இருக்கிறாள். அவரையே எழுதும் பெண் வெளியே நிற்கிறாள்.

அதே 1559-ல் அவள் ஸ்பெயின் ராணிக்குத் தோழியாகப் புறப்பட்டாள். 1625-ல் பலெர்மோவில் காலமானாள். எனக்கும் எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் உண்டு. அவர்களை வணங்கி நாலு வரி எழுதுவது சுலபம். அவர்கள் முகத்தை உயிரோடு எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் அவர்கள் கை வரம்பையும் மறைக்காமல் வைப்பதற்கு இவளுடைய துணிச்சல் வேண்டும். இவளுடைய அன்பும் வேண்டும்.