பாட்டியை அழைத்த தம்பி

டிசம்பரில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகருக்குப் போவதானால் கம்பளிச் சட்டை மட்டும் போதாது. கொஞ்சம் போலிஷ் மொழியும் வேண்டும். என் தம்பி மணந்தது அவ்வூர்ப் பெண்ணை. அவளுடைய பாட்டிக்கு வேறு மொழி தெரியாது.

தம்பி ஓராண்டாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதிப் படித்தான். போலிஷில் 32 எழுத்துகள், 7 வேற்றுமைகள். "தமிழில் 8 இருக்கிறதே, இதற்கா பயம்?" என்று நான் கேலி செய்தேன். வாத்தியார் புத்தி! 'ச'வுக்கும் 'ஷ'வுக்கும் இடையே அவர்கள் வைத்திருக்கும் ஒலிகளைச் சொல்லிப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 24ஆம் தேதி மாலை, முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே அங்கே சாப்பாடு. இறைச்சி இல்லாத 12 பதார்த்தங்கள். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென ஒரு காலித் தட்டு. அதற்கு முன், மாதா கோவில் அப்பம் போன்ற மெல்லிய தகட்டை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்த வேண்டும்.

பாட்டி அப்பத்தை நீட்டினார். தம்பிக்கு மனப்பாடம் செய்த வாழ்த்து மறந்தே போயிற்று. பாட்டிக்கு அம்மொழியில் 'பாப்ச்சா'. கண்ணன் 'கண்ணா' ஆவதுபோல், கூப்பிடும்போது 'பாப்ச்சு'. "பாப்ச்சு..." என்றான். அதற்குமேல் வரவில்லை. பாட்டி அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்குப் பாதி விளங்கியதாம்.