ஊட்டும் கைகள்

உணவிருந்தும் உண்ண மறுத்து மெலிந்த இளம்பெண்களின் நோய்க்கு 'அனோரெக்சியா நெர்வோசா' எனப் பெயரிட்டார் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல். 1874இல் வெளியான அவரது கட்டுரையில் அப்பெயர் இடம்பெற்றது. பசியின்மை என்பது அதன் பொருள். பொருந்தாப் பெயரே, ஏனெனில் நோயுற்றோர் பலர் பசியை உணர்ந்தே அடக்குகின்றனர். அவர்களைப் பேணுவதற்கு உற்றார் பெரும்பாலும் தகுதியற்றோர் என்றும் கல் எழுதினார். அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. பெற்றோர்மீதே பழி விழுந்தது.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆடவரை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரால் பட்டினியுற்றோரை மீட்கும் வழி காண்பதே அவர் நோக்கம். ஆயினும் வேறொன்றும் புலப்பட்டது. நலமுடன் இருந்த அவ்விளைஞர் ஆறு திங்களுக்குள் உணவையே நினைத்தனர். சமையல் நூல்களைச் சேர்த்தனர். நண்பரை விட்டு விலகினர். உடல் மெலிந்தாலே மனமும் திரியும் என்பது தெளிவாயிற்று. அவ்வாறாயின் முதலில் வேண்டுவது உணவன்றோ?

1980களில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை ஆய்வாளர் பெற்றோரை மீண்டும் அழைத்தனர். குற்றம் யாருடையது என்னும் வினாவை அவர்கள் ஒதுக்கினர். மகளோ மகனோ அழுதாலும் சினந்தாலும் அருகமர்ந்து வேளைதோறும் உண்ணச் செய்வது பெற்றோர் பணி. எடை கூடக்கூட அப்பொறுப்பு பிள்ளையிடமே திரும்பும். 1987இல் வெளியான ஆய்வில், இளவயதில் தொடங்கி நாட்படாத நோயுடையோர் தனியாள் சிகிச்சையைவிட இம்முறையில் நன்கு தேறினர். ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அவ்வேறுபாடு மறையவில்லை.