கண்டி வீதியில் ஒரு அந்தூரியம்

எங்கள் படலைக்கு முன்னால் ஓடும் தார் றோட்டுக்குப் பெயர் கண்டி வீதி. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம்வரை 321 கிலோமீற்றர். கிளிநொச்சியில் பிறந்த எனக்கு அந்தக் கண்டி எப்படி இருக்கும் என்று இருபது வயதுவரை தெரியாது. போரால் மூடிக்கிடந்த பாதை 2002இல் திறந்தது. அடுத்த வருடம் அம்மாவும் நானும் இரண்டு நாள் பயணமாகக் கண்டிக்கு வெளிக்கிட்டோம்.

முதல் நாள் தெகல்தொருவைக் குகை விகாரை. 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். சிவப்பு நிலத்தில் வரிசை வரிசையாகக் கதை ஓடுகிறது. நாட்டைவிட்டுப் போகும் வெசந்தர இளவரசன் குதிரைகளைத் தானம் கொடுத்து, தேரையும் கொடுத்து, கடைசியில் மனைவியோடு பிள்ளைகளைச் சுமந்துகொண்டு காட்டுக்கு நடக்கிறான். 1996இல் ஊரைவிட்டு நடந்த அம்மா அந்த இடத்தில் நெடுநேரம் நின்றா.

"இவையும் இடம்பெயர்ந்துதான் போகினம்."

மறுநாள் பேராதனைப் பூங்கா. மகாவலி வளைத்துக் கிடக்கும் 147 ஏக்கர். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் மேரியும் 1901இல் நட்ட நாகலிங்க மரம் அங்கே நிற்கிறது. வெள்ளைக்காரர் அதன் காயைப் பார்த்துப் பீரங்கிக்குண்டு மரம் என்றார்கள். அம்மா உதிர்ந்த பூவை எடுத்து உள்ளே லிங்கத்தைத் தேடினா. பலகையைப் பார்த்து நட்டவர்களின் பெயரைச் சொன்னேன்.

"நட்டவை போய்ச் சேர்ந்திட்டினம், மரம் நிக்குது பார்."

திரும்பும் வழியில் தெருவோரத்தில், பால்மா ரின்னில் வைத்த ஒரு அந்தூரியக் கன்று வாங்கினோம். வீடு வரும்வரை அந்தப் பால்மா ரின்னை அம்மா மடியைவிட்டு இறக்கவில்லை. வன்னி வெயில் அதற்கு ஆகாது. கிணற்றடி வாழை நிழலில், தேங்காய்ப் பொச்சுப் போட்டு நட்டா. வளர்ந்து பூத்தது.

2008 கடைசியில், மறுபடியும் இடம்பெயர, உழவு இயந்திரத்தில் ஓடும் கதவும் ஏற்றி முடிந்த பின்னேரம், அம்மா ஒரு வாளி அள்ளி அதற்கு ஊற்றினா. "இஞ்சையே நிக்கட்டும். ரெண்டு கிழமையில வந்திடுவம்." அந்தப் பயணத்தில் முதலில் உழவு இயந்திரம் போனது. பிறகு சைக்கிள். பிறகு நடை.

2010இல் திரும்பி வந்தபோது கிணறு இருந்தது.

இப்போது காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் கண்டி. போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கன்று வாங்கட்டோ என்று கேட்பேன்.

"அது போட்டுது, நட்டவள் நிக்கிறன். வேணுமெண்டால் எனக்கொரு பலகை எழுதி நடு" என்று சிரிக்கிறா அம்மா.