தவழ இடம்: சில குறிப்புகள்

மாட்டுங்கா முதல் தேவனார் வரை

குழந்தை வளர்ச்சியும் உளவியலும் படிக்க மும்பையைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்று நினைக்கிறேன். இந்தப் படிப்பின் இந்திய வரலாற்றில் பெரும்பகுதி ஒரு லோக்கல் ரயில் பாஸ் செல்லும் தூரத்துக்குள் அடங்கிவிடும். தாதரில் தாராபாய் மோடக் 1936இல் சிசு விஹார் என்ற மழலையர் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் நாக்பாடாவில் கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் தலைமையில் சமூகப் பணிக்கான டாடா பள்ளி உருவானது. மறு ஆண்டே அந்தப் பள்ளி ஒரு குழந்தை வழிகாட்டி மையத்தைத் திறந்தது. நாட்டிலேயே முதல் மையம் அது. அந்தப் பள்ளிதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1954இல் செம்பூரை ஒட்டிய தேவனாருக்கு இடம் மாறியது. தவிக்கும் குழந்தைகளுக்கான 1098 என்ற தொலைபேசி உதவியும் 1996இல் அங்கிருந்துதான் புறப்பட்டது.

கிங்ஸ் சர்க்கிளில் ஏறி செம்பூரில் இறங்கும் தமிழ்ப் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தால் இந்தப் படிப்பின் பக்கம் இன்னும் பலர் திரும்புவார்கள்.

* * *

பார்க்கப் பழகுதல்

இந்தப் படிப்பில் எங்களுக்கு முதலில் கற்றுத்தருவது கோட்பாடு அல்ல, பார்க்கும் பழக்கம். ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். "கோபமாக இருந்தான்" என்று எழுதக் கூடாது. "கையிலிருந்த கட்டையைத் தரையில் இரண்டு முறை தட்டினான், பக்கத்துக் குழந்தையைப் பார்த்தான், மறுபடி தட்டினான்" என்று எழுத வேண்டும். கோபம் என்பது நம் முடிவு. தட்டியது மட்டும்தான் நாம் கண்டது.

இந்த ஒழுக்கம் மனதில் ஊறிய பிறகு மனிதர்களைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. "அடங்காப்பிடாரி", "மந்தம்", "சோம்பேறி" என்று குழந்தைகளின் மேல் நாம் எவ்வளவு சுலபமாக முத்திரை குத்துகிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

* * *

பத்துக்குப் பத்து

உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட உடலியக்க வளர்ச்சி அட்டவணை எங்களுக்குப் பாலபாடம். துணையில்லாமல் உட்காருதல், தவழுதல், பிடித்து நிற்பது, பிடித்து நடப்பது, தனியே நிற்பது, தனியே நடப்பது என ஆறு படிகள் அதில் உண்டு. தனியே நடப்பதற்கு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை இயல்பான இடைவெளி. இவ்வளவு அகலமான இடைவெளி என்று தெரிந்தாலே பல தாய்மார்களின் கவலை குறையும். இன்னொரு தகவலும் உண்டு. ஆய்வில் இருந்த ஆரோக்கியமான குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமானோர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. 

அந்த ஆய்வின் குழந்தைகள் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியின் வசதியான வீடுகளில் வளர்ந்தவர்கள். தடையில்லாத சூழலில் ஒரு குழந்தை எப்படி வளரும் என்று காட்டுவதே அந்த ஆய்வின் நோக்கம் என்பதால் அந்தத் தேர்வு சரியானதுதான்.

ஆனால் மும்பையின் தாராவியில் பல வீடுகள் பத்துக்குப் பத்து அடிதான். அதற்குள்தான் அடுப்பு, தண்ணீர் டிரம், தையல் மெஷின், மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி எல்லாம். தரையில் விட்டால் ஒரு பக்கம் சுடுபாத்திரம், மறுபக்கம் வாசலுக்கு வெளியே ஓடும் சாக்கடை. குழந்தை பெரும்பாலும் தூளியிலும் இடுப்பிலும்தான் இருக்கும். "தவழுதா?" என்று கேட்டால் ஓர் அம்மா திருப்பிக் கேட்கிறாள்: "எங்க விடச் சொல்றீங்க டீச்சர்? கல்லியில விட்டா பைக் வருது." என் படிப்பில் நான் கேட்ட மிக நல்ல கேள்விகளில் இது ஒன்று. படிவத்தில் "தவழவில்லை" என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. தவழ இடமில்லை என்று குறிக்கக் கட்டம் இல்லை. இரண்டுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. முதலாவதுக்கு மருத்துவர் வேண்டியிருக்கலாம். இரண்டாவதுக்கு ஒரு பாயும், அதை விரிக்க ஒரு பொது இடமும் போதும்.

* * *

யாரை வைத்து அளந்தார்கள்?

எந்தத் தேர்வைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பம்பாய் மாகாணத்தில் வி.வி. காமத், பிரான்ஸின் பினே தேர்வைக் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தார். அதுபற்றிய அவருடைய நூல் 1940இல் வந்தது. பினே-காமத் தேர்வு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பரோடாவில் பிரமீளா பாதக் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு ஓர் அளவுகோலை உருவாக்கினார். அதில் உடலியக்கத்துக்கு 67 உருப்படிகள், மனவளர்ச்சிக்கு 163. இந்தியக் குழந்தையை இந்தியக் குழந்தைகளோடு ஒப்பிட வேண்டும் என்று இவர்கள் பிடிவாதமாக உழைத்ததால்தான் எங்கள் கையில் ஏதாவது இருக்கிறது.

உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள் தொகையில் 12 சதவீதமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010இல் ஹென்ரிக்கும் அவர் சகாக்களும் சுட்டிக்காட்டினார்கள். இதைப் படித்த பிறகு பாடநூலில் "குழந்தைகள் இப்படிச் செய்வார்கள்" என்று வருமிடத்திலெல்லாம் பென்சிலால் "எந்தக் குழந்தைகள்?" என்று எழுதி வைக்கிறேன்.

* * *

கும்பார்வாடாவும் பியாஜேயும்

களிமண் உருண்டையை நீட்டி உருட்டினால் மண் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? உளவியலாளர் பியாஜேயின் புகழ்பெற்ற கேள்வி இது. சிறு குழந்தைகள் நீளத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். அளவு மாறவில்லை என்ற தெளிவு பின்னால்தான் வரும்.

மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 1969இல் ஒரு கட்டுரை வந்தது. மண்ணைப் பிசைந்து வளர்ந்த அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முந்தியே சரியான பதிலைச் சொன்னார்கள். கைவேலை புத்தியைத் தீட்டுகிறது என்பதற்கு எளிய சான்று இது.

தாராவியின் கும்பார்வாடா வழியாகப் போகும்போதெல்லாம் இந்தக் கட்டுரை நினைவுக்கு வருகிறது. குஜராத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாகப் பானை வனைகின்றன. அடுத்த தெருக்களில் தோல், தையல், பிளாஸ்டிக் பிரிப்பு. இந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு எது முந்தி வருகிறது, எது பிந்துகிறது? வறுமை என்ன எடுத்துக்கொள்கிறது என்று கணக்கிட ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது என்று கேட்கும் ஆய்வும் வேண்டும். பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு இது நியாயம் அல்ல. அவர்கள் பார்த்துப் பழகிய அறிவைப் பள்ளி மதிக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

* * *

எத்தனை மொழி, எத்தனை சொல்

வீட்டில் திருநெல்வேலித் தமிழ், கல்லி எனும் சந்தில் இந்தி, கடையில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். தாராவித் தமிழ்க் குழந்தைக்கு இது சாதாரணம். மாநகராட்சி இங்கே தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அப்படியிருந்தும் மொழி வளர்ச்சியைச் சோதிக்க உட்கார்ந்தால் ஒரு மொழியில்தான் சொற்களை எண்ணுகிறோம். எண்ணிக்கை குறைந்ததும் "பேச்சுத் தாமதம்" என்று எழுதிவிடுகிறோம்.

இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எண்ணினால் குறைவாகத் தெரியும், எல்லா மொழிகளையும் சேர்த்துக் குழந்தைக்குத் தெரிந்த பொருள்களை எண்ணினால் அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். அப்படி எண்ணச் சோதிப்பவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் முக்கியம். "நாலு மொழி கேட்குது, அதான் பேசலை" என்று சொல்லி உண்மையான தாமதத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு. எந்த மொழியிலும் பேசாத, கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது சோதனை உடனே வேண்டும். மொழிகள் அதற்குக் காரணம் அல்ல.

* * *

பல இடுப்புகள்

தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றிப் படிக்கும்போது உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த்தின் சோதனை வராமல் இராது. அறிமுகமில்லாத அறையில் தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்பி வருவாள். அப்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். இந்தச் சிந்தனைக்கு அவர் வித்திட்டது உகாண்டா கிராமங்களில், 1950களின் நடுவில், வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது என்பது பாடநூலில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்ததைத்தான் நாங்கள் அவரிடம் முதலில் கற்க வேண்டும்.

நம் வீடுகளில் குழந்தை ஆச்சி இடுப்பிலிருந்து அத்தை இடுப்புக்கும், அங்கிருந்து பக்கத்து வீட்டு அக்கா இடுப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும். தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கி வாழ்ந்து மார்கரெட் டிராவிக் எழுதிய நூல் 1990இல் வந்தது. அன்பு எத்தனை பேரிடையே எப்படிப் பகிரப்படுகிறது என்பதை அவர் அருமையாகப் பதிவு செய்திருக்கிறார். ஊரை விட்டு வந்த குடும்பத்தில் ஆச்சி இல்லை. அந்த இடத்தைச் சால் குடியிருப்பில் உள்ள அண்டைவீட்டார் நிரப்புகிறார்கள். ஆகவே "அம்மா எங்கே?" என்று மட்டும் கேட்டால் போதாது. "பிள்ளை அழுதால் யாரிடம் ஓடும்?" என்று கேட்க வேண்டும்.

* * *

பால்வாடி

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. அவற்றுள் தாராவியும் ஒன்று. அங்கன்வாடி என்று அரசு சொல்கிறது, மக்கள் இன்னும் பால்வாடி என்கிறார்கள். எடை பார்ப்பது, சத்துணவு, தடுப்பூசி நினைவூட்டல், கர்ப்பிணிகளைச் சந்திப்பது, பதிவேடு, பாட்டு, கதை எல்லாமே சேவிகா எனப்படும் ஒரே அங்கன்வாடிப் பணியாளரின் தலையில். நாங்கள் இரண்டு ஆண்டு படித்துத் தெரிந்துகொள்வதில் பாதியை அவர் பழக்கத்திலேயே அறிந்து வைத்திருக்கிறார். எந்தக் குழந்தை திடீரென அமைதியாகிவிட்டது என்று முதலில் கவனிப்பவர் அவர். ஊதியத்திலும் மரியாதையிலும் அவருக்குரியதைத் தராமல் குழந்தை வளர்ச்சி பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

* * *

தாயிடம் கேள்

2018இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. அர்ஜென்டினா, இந்தியா, தென்னாப்பிரிக்கா, துருக்கி ஆகிய 4 நாடுகளில் ஆரோக்கியமான சிறு குழந்தைகளைப் பார்த்தார்கள். இந்தியப் பகுதி நடந்தது மும்பையில். பொம்மைப் பெட்டியை வைத்துச் சோதிக்கவில்லை, பெற்றோரிடம் விரிந்த கேள்விகள் மட்டும். பேச்சு, நடை, உறவு ஆகியவற்றின் பெரும்பாலான படிகள் எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே வயதில் வந்தன. தானே சாப்பிடுவது போன்றவற்றில்தான் வேறுபாடு கூடுதல். ஊட்டிவிடும் நாட்டில் அது இயல்புதானே.

ஆக, வளர்ச்சியில் பொதுவானது நிறைய இருக்கிறது. சூழல் தீர்மானிப்பதும் இருக்கிறது. எது எது என்று பிரித்தறிவதுதான் இந்தப் படிப்பின் சாரம்.

* * *

படிக்க நினைப்பவர்களுக்கு

மாட்டுங்காவிலேயே ரூயா கல்லூரி இருக்கிறது, எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.எம்.என். மனையியல் கல்லூரி இருக்கிறது. மனித வளர்ச்சியில் முதுகலைக்கு எஸ்.என்.டி.டி.யின் ஜூஹு வளாகம், பயன்பாட்டு உளவியலுக்குக் கலினாவில் உள்ள பல்கலைக்கழக வளாகம். மருத்துவ உளவியலராகப் பணிபுரியப் பொதுவான முதுகலை மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வுக் குழு அங்கீகரித்த பயிற்சியும் அதன் பதிவும் கட்டாயம். சேரும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

செம்பூர், சயான் கோலிவாடா, தாராவி வீடுகளில் வளரும் பிள்ளைகளிடம் பல மொழிகள் ஏற்கனவே இருக்கின்றன. தமிழ்த் தாயின் பேச்சையும் இந்தி பேசும் மருத்துவரின் கேள்வியையும் மராத்திப் படிவத்தையும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் ஒருவர் உளவியல் படித்துவிட்டு வந்தால், தவறாக முத்திரை குத்தப்படும் குழந்தைகளில் சிலராவது தப்புவார்கள், உண்மையில் உதவி தேவைப்படும் சிலருக்கு அது உரிய காலத்தில் கிடைக்கும். தாராவித் தமிழ்க் குழந்தைகளின் பேச்சுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதைச் செய்யத் தகுதியானவர்கள் அந்தக் கல்லிகளில் வளர்ந்தவர்கள்தான். அவர்கள் இந்த வகுப்பறைகளுக்கு வர வேண்டும்.